ரகசிய லிங்க்: புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

மதுரைப் பக்கம் ஸ்டூடியோக்களுக்கும் சின்னக் கடைகளுக்கும் ஃபைல் பகிர்வு அமைத்துக் கொடுப்பது என் வேலை. பாஸ்வேர்டை 12345 என்று வைக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விடுங்கள். நான் சொல்ல வருவது ரகசிய லிங்க் பற்றி: பாஸ்வேர்டு கேட்காது, முகவரி கையில் இருந்தாலே ஃபைல் திறந்துவிடும்.

மூடித் திறந்தால் புது லிங்க் வரும் என்ற நினைப்பு

இதைப் பார்த்தால் இன்னமும் பற்றிக்கொண்டு வரும். தல்லாகுளத்தில் ஒரு ஸ்டூடியோ, கூடவே ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுத் தருவார்கள். ஒரு கல்யாணத்துப் படங்களை கூகுள் டிரைவ் ஃபோல்டரில் ஏற்றி, லிங்க்கைச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். அப்புறம் திருமணப் பதிவுக்கு வந்த ஆதார் நகல்களையும் அங்கேயே வைத்துவிட்டார்கள். ஃபோல்டருக்கு என்ன அனுமதியோ, பிறகு உள்ளே வரும் ஃபைலுக்கும் அதேதான். பெண்ணின் சித்தப்பா போன் போட்டார்: "ஏன் தம்பி, எங்க வீட்டு ஆதாரெல்லாம் ஊரே பாக்குது?"

கடைப் பையன் பொது அனுமதியை மூடினான். சரி. சாயங்காலமே மறுபடி திறந்து, பெண் மாப்பிள்ளைக்கு மட்டும் என்று 'புது லிங்க்' அனுப்பினான். அது பழைய லிங்க்கேதான்! டிரைவ் முகவரியில் இருப்பது ஃபோல்டரின் அடையாளக் குறி. எத்தனை தடவை மூடித் திறந்தாலும் அது மாறாது. குரூப்பில் கிடக்கும் பழைய மெசேஜைத் தட்டினால் ஆதார் திரும்ப வந்து நிற்கும். இரண்டையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுக் காட்டிய பிறகுதான் நம்பினான்.

புது ஃபோல்டர் போட்டு, படங்களை நகலெடுத்து அதில் வையுங்கள். வெறுமனே நகர்த்தினால் ஒவ்வொரு ஃபைலின் குறியும் பழையதாகவே இருக்கும். ஆதார் மாதிரியானவற்றுக்கு லிங்க் அனுமதியே வேண்டாம், அவரவர் ஜிமெயில் முகவரிக்கு மட்டும் கொடுங்கள். ஏற்கெனவே டவுன்லோடு செய்தவர்களிடம் ஒன்றும் செய்ய முடியாது. அதைச் சித்தப்பாவிடம் சொன்னது நான்தான், பையன் அல்ல.

எடிட்டர் அனுமதி

ஃபைலை மாற்றவும் அழிக்கவும் விடும் அனுமதி இது. கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

ஒரே தடவை திறக்கும் லிங்க்

சில சாட் செயலிகளும் ஆபீஸ் மெயில் ஸ்கேனர்களும் ஆள் தொடுவதற்கு முன்பே லிங்க்கைத் திறந்து பார்த்துவிடும். வாடிக்கையாளருக்குக் 'காலாவதி' என்றுதான் வரும். பக்கம் திறந்ததைக் கணக்கில் எடுக்காமல், உள்ளே ஒரு பட்டனை அமுக்கிய பிறகே 'ஒரு தடவை திறந்தாச்சு' என்று கணக்கில் எடுங்கள்.

காலக்கெடு

அமேசானின் ஆன்லைன் ஃபைல் கிடங்கான எஸ்3-இல், கணக்கின் ரகசியச் சாவியால் கையொப்பமிட்டு, காலக்கெடு வைத்துத் தரும் லிங்க்குக்கு அதிகபட்சம் 7 நாள். கொஞ்ச நேரத்துக்கு மட்டும் செல்லும் தற்காலிகச் சாவியால் உருவாக்கியிருந்தால், அந்தச் சாவி காலாவதியானதுமே லிங்க்கும் செத்துவிடும். "7 நாள் போட்டேனே அண்ணே" என்று என்னைக் கூப்பிடுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

ரோபாட்ஸ் ஃபைலில் எழுதி மறைப்பது

கூகுள் மாதிரி தேடுபொறிகளிடம் 'இந்தப் பக்கங்களுக்கு வராதே' என்று சொல்ல, வெப்சைட்டில் வைக்கும் robots.txt ஃபைல் இது. அந்த ஃபைலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், ரகசிய முகவரியை அதில் எழுதினால் நீங்களே காட்டிக்கொடுத்த மாதிரி.