ஜட்ஜ் திருப்பி அனுப்பிய ராஜிப் பத்திரம்

நியூயார்க் குயின்ஸில் ஒரு ஹோட்டலில் வாரத்துக்கு 62 மணி நேரம் தோசைக்கல் முன்னால் நின்றேன். அமெரிக்கச் சட்டப்படி 40 மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு கூலி. எனக்கு எல்லா மணிக்கும் ஒரே ரேட், அதுவும் கவரில். கேஸ் போட்டதும் முதலாளி பேசித் தீர்க்க வந்தார். கையெழுத்தும் ஆயிற்று. பணம் வந்துவிடும் என்றிருந்தேன்.

வரவில்லை. அங்குள்ள ஃபெடரல் கோர்ட்டுகளில், 2015 தீர்ப்பு ஒன்றுக்குப் பிறகு, ஓவர்டைம் வழக்கில் ராஜியாகி, மறுபடி திறக்க முடியாதபடி முடிக்க கோர்ட்டோ தொழிலாளர் துறையோ ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் ஜட்ஜ் பத்திரத்தைத் திருப்பிவிட்டார். 'இதைப்பற்றி யாரிடமும் பேசக் கூடாது' என்று ஒரு பத்தி. 'எந்தக் காரணத்துக்கும் இனி வழக்குப் போடமாட்டேன்' என்று இன்னொன்று. இரண்டையும் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தேன், அது என் புத்தி.

முதல் பத்தியை எடுத்தோம். இரண்டாவதைக் கூலிப் பாக்கிக்கு மட்டும் சுருக்கினோம். கைகொடுத்தது காலண்டர்தான். அம்மா பால் கணக்கு எழுதுவதுபோல் தினமும் வந்த நேரம், போன நேரம் பென்சிலில் குறித்திருந்தேன். அதை வைத்து, முழுப் பாக்கி எவ்வளவு, ஏன் குறைத்து ஒப்புக்கொள்கிறோம் என்று வக்கீல் ஜட்ஜுக்குக் கடிதம் எழுதினார். தன் ஃபீஸ் கணக்கையும் இணைத்தார். ஃபீஸ் ராஜித் தொகையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் கேள்வி வருமாம்.

ஐந்தாவது வாரம் ஒப்புதல் வந்தது. முதல் செக்கில் என் இனிஷியல் தப்பு. அதைத் திருத்த இன்னும் பத்து நாள்.