விலங்குக் காப்பகத்தில் அறுவை செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தனியார் மருத்துவமனைக்கு வரும் நாயோடு அதை வளர்ப்பவரும் வருவார். கடைசியாக எப்போது சாப்பிட்டது, என்னென்ன தடுப்பூசி போடப்பட்டது, சென்ற முறை மயக்க ஊசிக்குப் பிறகு எப்படி எழுந்தது என்று கேட்டால் அவர் பதில் சொல்வார். அறுவைக்குப் பின் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவரும் அவரே. விலங்குக் காப்பகத்தில் இந்த இரண்டுமே கிடையாது. கழுத்துப்பட்டையில் ஓர் எண், கூண்டில் மாட்டிய ஓர் அட்டை, அவ்வளவுதான். காப்பகத்தில் பணிபுரியும் அறுவை மருத்துவர்களிடம் நான் கண்ட தவறுகளில் (என்னுடையவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்) கத்தி பிடித்த கையால் நேர்ந்தவை குறைவு. கத்தியை எடுக்கும் முன்பும், கீழே வைத்த பின்பும் நேர்ந்தவையே அதிகம்.

ஏற்கெனவே கருத்தடை செய்யப்பட்ட பெண் விலங்கின் வயிற்றை மறுபடி திறப்பது இவற்றுள் முதலாவது. சாம்பல் நிறப் பூனை ஒன்றின் வயிற்றுக்குள் நான் ஒருமுறை நெடுநேரம் கருப்பையைத் தேடிக்கொண்டிருந்தேன். சிறுநீர்ப்பைக்கும் பெருங்குடலுக்கும் இடையே ஒரு சிறு துண்டு மட்டுமே எஞ்சியிருந்தது. மயிரை மழித்தபோது நடுக்கோட்டில் மெல்லிய வெண்தழும்பு தெரிந்திருக்கிறது; அதை அழுக்கென்று எண்ணித் துடைத்தவர் உதவியாளர், குனிந்து பார்க்காமல் விட்டது நான். மயக்கம் கொடுத்த பின், கத்தியைத் தொடும் முன், நல்ல வெளிச்சத்தில் வயிற்றை விரலால் நீவித் தழும்பைத் தேடுவதற்கு அரை நிமிடம் போதும். கருத்தடையின் அடையாளமாகக் காதின் நுனி வெட்டப்பட்டிருக்கிறதா, வயிற்றில் பச்சைக் கோடு குத்தப்பட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். நம் கையால் அறுவை செய்த ஒவ்வொரு விலங்குக்கும் அந்தப் பச்சைக் கோட்டைத் தவறாமல் குத்துவது, இன்னொரு காப்பகத்தில் இன்னொருவர் அதே வயிற்றைத் திறக்காமல் காக்கும்.

ஆண் விலங்கில் தவறு எதிர்த்திசையில் நேர்கிறது. விதைகள் தென்படாத ஆண் பூனையை ‘ஏற்கெனவே அறுவை ஆனது’ என்று அட்டையில் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். குறியைப் பிதுக்கிப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும்: ஆண் ஹார்மோன் சுரக்கும் பூனையின் குறியில் சிறுசிறு முட்கள் இருக்கும், விதை நீக்கிய சில வாரங்களில் அவை மறைந்துவிடும். முட்கள் இருக்கின்றன, விதைப்பை காலியாக இருக்கிறது என்றால், விதை உடலுக்குள் எங்கோ தங்கியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். ஒரு விதை மட்டும் இறங்கிய நாயில், கைக்கு எட்டியதை எடுத்துவிட்டு உள்ளே தங்கியதை ‘பிறகு பார்க்கலாம்’ என விடுவது இதைவிடக் கேடானது. அந்தப் ‘பிறகு’ காப்பக விலங்குக்கு வருவதே இல்லை. வெளியே அடையாளம் ஏதுமின்றித் தத்துப் போகும் அந்த நாயின் உள்ளே தங்கிய விதையில் புற்று தோன்றும் வாய்ப்பு, இயல்பாக இறங்கிய விதையைவிட அதிகம்.

எடையைக் கண்ணால் மதிப்பிடுவது, அருகிலேயே தராசு இருக்கும் இடங்களிலும் நடக்கிறது. பெரிய நாயில் ஒரு கிலோ பிசகினால் அதிகம் கெட்டுப்போகாது. ஒரு கிலோகூட இல்லாத பூனைக்குட்டியில் நூறு கிராம் பிசகினாலே மருந்தளவு பத்தில் ஒரு பங்குக்கு மேல் மாறிவிடும். குட்டிகளைப் பெரியவற்றைப் போல இரவு முழுவதும் பட்டினி போடுவதும் அதே அளவு ஆபத்தானது. அவற்றின் உடலில் சர்க்கரைச் சேமிப்பு குறைவு. அறுவைக்கு 2 முதல் 4 மணி நேரத்துக்கு முன் சிறிது உணவு கொடுத்திருக்க வேண்டும், தண்ணீரை நிறுத்தவே கூடாது. மயக்கம் தெளியத் தாமதமாகும் குட்டியைப் பார்த்து மருந்தின் மேல் பழி போடுவதற்கு முன், அதன் ஈறில் சிறிது சர்க்கரைப் பாகு தடவிப் பார்ப்பது நல்லது.

கருவிகளைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. ஒரே ஈற்றுக் குட்டிகள்தானே என்று, கிருமி நீக்கிக் கட்டிவைத்த ஒரே கருவிக் கட்டினை இரண்டு வயிறுகளுக்குப் பயன்படுத்துவது தவறு; கிருமிநாசினிக் கரைசலில் முக்கியெடுத்த கருவி வயிற்று அறுவைக்கு உரியதன்று. கட்டுகள் எத்தனை இருக்கின்றனவோ, அன்றைய அறுவைகளும் அத்தனைதான். குட்டிகள் முதலில், தொற்று ஐயம் உள்ளவை கடைசியில் என்ற வரிசையையும் மாற்றக் கூடாது.

மேசையில் நேரும் தவறுகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். முதலாவது, பழக்கத்தால் நாய்க்கும் பூனைக்கும் ஒரே இடத்தில் கீறுவது. நாயில் சினைப்பையை வெளியே இழுப்பது கடினம் என்பதால் கீறல் தொப்புளை ஒட்டியே தொடங்க வேண்டும். பூனையில் கருப்பையின் அடிப்பகுதியை எட்டுவதே சிரமம் என்பதால் இன்னும் பின்னால் கீற வேண்டும். நாயின் வலது சினைப்பை இடதைவிட முன்னாலும் ஆழத்திலும் இருக்கிறது. சிறிய கீறலில் பெருமைகொண்டு அதைப் பாதி பார்த்தபடி முடிச்சுப் போட்டால் திசுத் துணுக்கு உள்ளே தங்கி, சில மாதங்களில் ‘கருத்தடை செய்த நாய் சினைப்பருவத்துக்கு வந்துவிட்டது’ என்ற தொலைபேசி வரும். கீறலை ஓர் அங்குலம் நீட்டுவதில் எந்த இழுக்கும் இல்லை.

இரண்டாவது, இரத்தக்கசிவைப் பார்க்காமல் வயிற்றை மூடுவது. குடல்களை அங்குமிங்கும் தள்ளிப் பார்த்தால் எதுவும் தெரியாது. வலப்பக்கம் முன்சிறுகுடலைப் பிடித்து இடப்பக்கமாகத் தூக்கினால், அதன் சவ்வே திரைபோல மற்றக் குடல்களை ஒதுக்கிவிடும். சிறுநீரகமும் அதன் பின்னே, சினைப்பையை நீக்கி முடிச்சிட்ட தண்டும் பளிச்சென்று தெரியும். இடப்பக்கம் அதே வேலையைப் பெருங்குடல் செய்து தரும். இரு பக்கமும் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. இருபதாவது விலங்கின்போது இந்த ஒரு நிமிடம் மிச்சப்படுத்தத் தக்கதாகத் தோன்றும். முடிச்சு நழுவும் வாய்ப்பும் கை சோர்ந்த அந்த வேளையில்தான் கூடுகிறது.

தையல் முடிந்ததும் அடுத்த விலங்கின் பக்கம் திரும்பிவிடுவதே என் கணக்கில் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. பிரிட்டனில் நாய்களையும் பூனைகளையும் பெரும் எண்ணிக்கையில் ஆராய்ந்து 2008-இல் வெளியான ஆய்வில், மயக்க மருந்தின்போதும் அதன் பின்பும் நேர்ந்த இறப்பு நாய்களில் ஏறத்தாழ 0.17 விழுக்காடு, பூனைகளில் 0.24 விழுக்காடு. இறந்த பூனைகளில் 60 விழுக்காட்டுக்கு மேல் அறுவை முடிந்த பின்னரே இறந்தன. அறுவைக்குப் பின் நேர்ந்த இறப்புகளில் பெரும்பாலானவை முதல் 3 மணி நேரத்துக்குள் நிகழ்ந்தவை. நல்ல வசதிகள் உள்ள இடத்திலேயே இந்த நிலை என்றால், மயக்கம் தெளியும்வரை விலங்கை வைத்திருக்கும் தெளிவறைக்கு ஆளே இல்லாத காப்பகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நாக்கின் நிறத்தையும் மூச்சையும் பார்த்தபடி இருப்பதற்கென்று ஒருவரை அமர்த்தாமல் அறுவையைத் தொடங்கவே கூடாது. குளிர் வேறு சேர்ந்துகொள்ளும்: தேவைக்கு மேல் மழித்து, ஈரம் சொட்டச் சொட்ட ஆல்கஹாலால் துடைத்து, வெற்று எஃகு மேசையில் கிடத்திய பூனைக்குட்டியின் வெப்பம் சில நிமிடங்களில் இறங்கிவிடும். உடனே வெந்நீர்ப் புட்டியை உடம்போடு ஒட்டி வைப்பது மற்றொரு தவறு. மயங்கிக் கிடக்கும் விலங்கு சுட்டாலும் நகராது. புட்டிக்கும் உடலுக்கும் நடுவே தடித்த துணி இருக்க வேண்டும்.

கடித்துக் குதறப்பட்டு வரும் நாய்களின் புண்ணை அன்றே அழகாகத் தைத்து மூடிவிட ஆசைப்படக் கூடாது. தோலில் இரண்டு துளைகள்தான் தெரியும்; அடியில் தசை நசுங்கி, அழுக்கும் மயிரும் உள்ளே போயிருக்கும். விரித்துக் கழுவி, செத்த திசுவை நீக்கி, நீர் வடிய வழிவிட்டு, சில நாள் கழித்து மூடினால்தான் ஆறும்.

அறுவை முடிந்த விலங்கை எந்தக் கூண்டுக்கு அனுப்புவது என்பதைப் பராமரிப்பாளரிடம் சொல்லாமல் விடுவதிலும் இடர் உண்டு. விதை நீக்கப்பட்ட நாயின் உடலில் விந்து சில வாரங்கள் எஞ்சியிருக்கும். அதை அன்றே சினைப்பருவத்திலுள்ள பெண் நாயோடு அடைத்தால் அது சினையாகலாம். சினைப்பருவத்தில் கருத்தடை செய்த பெண் நாயின் வாடை சில நாள் போகாது. அதையும் தனியே வைக்காவிட்டால் ஆண் நாய்கள் ஏறிப் புதுத்தையலைக் குலைத்துவிடும். தோலின் மேல் தெரியும் தையலைத் தவிர்த்து, தோலுக்குள்ளேயே கரையும் நூலால் தைப்பது மேல். தையலைப் பிரிக்கும் நாளில் அந்த விலங்கு எங்கிருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

எண்ணிக்கையைக் கடைசியில் வைத்தது, அதை எல்லோரும் முதலில் வைப்பதால்தான். இன்று எத்தனை என்று நிர்வாகி கேட்பது இயல்பு. அதற்கான விடையை வாசலில் நிற்கும் கூண்டுகளைப் பார்த்துச் சொல்வது தவறு. கருவிக் கட்டுகள், தெளிவறையில் இருக்கும் ஆட்கள், கடைசி விலங்கு எழுந்து நிற்பதைப் பார்க்க மீதமிருக்கும் நேரம் ஆகிய மூன்றையும் எண்ணி, முதல் ஊசி போடும் முன்பே பலகையில் எழுதிவிட வேண்டும். அதற்கு மேல் வந்தவை நாளைய பட்டியலில் முதலிடம் பெறும். அவற்றுக்கு இன்றிரவு வழக்கமான உணவைப் போடும்படி சொல்லிவிடலாம்.