பால்வாடியில் சோறு மட்டுமா போடுகிறார்கள்?

"பால்வாடியில என்ன பெருசா சொல்லித் தரப் போறாங்க, சோறுதானே போடுறாங்க?" மூன்று வயதுப் பிள்ளை இருக்கும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. முதல் தவறே இதுதான். 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோதே, சத்துணவு, தடுப்பூசியோடு 3 முதல் 6 வயது வரைக்கான முன்பருவக் கல்வியும் அதில் சேர்ந்தே இருந்தது. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கு 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்று தனிப் பாடத்திட்டமும் உண்டு.

அடுத்தது, நோட்டைப் பார்த்துப் படிப்பை அளப்பது. ஒரு மையத்தில் ஒரு சிறுமி புளியங்கொட்டையையும் மொச்சையையும் பிரித்து, இரண்டு கொட்டாங்குச்சிகளில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கொட்டை உருண்டோடியது. எழுந்து போய், இரண்டு விரலால் கிள்ளி எடுத்துவந்து, யோசித்து, சரியானதில் போட்டாள். கூட்டிப் போக வந்த அம்மா கேட்டது: "இன்னிக்கு ஒண்ணுமே எழுதலையா டீச்சர்?" பென்சில் பிடிக்க விரல் பழகுவதும், இது வேறு அது வேறு என்று பிரித்தறிவதும் அந்தக் கொட்டாங்குச்சிகளில்தான் நடந்தது. அதற்கு முன்பே கையைப் பிடித்து 'அ' எழுத வைத்தால், பிள்ளைக்கு விரல் வலிதான் மிச்சம். எழுத்து கொஞ்சம் பொறுத்து வரட்டும்.

வாசலில் விட்டதும் நம் வேலை முடிந்தது என்று திரும்பிவிடுவதும் தவறு. மையத்தில் பிள்ளைகளுக்கு மாதாமாதம் எடை பார்க்கிறார்கள். "எடை ஏறியிருக்கா டீச்சர்?" என்று கேட்க ஒரு நிமிடம் போதும். அங்கே கற்ற பாட்டை ராத்திரி வீட்டில் பாடச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளைக்குப் பேச்சு வளர்வது அப்படித்தான்.

சரி, அரசின் பக்கம்? 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை அங்கன்வாடி உணவு பிள்ளையின் உரிமை. ஆனால் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்று சொல்வதோடு சரி. சோறு உரிமை, படிப்பு மட்டும் அரசின் விருப்பம். 'சோறுதானே' என்று நாம் சொல்வதைச் சட்டமே சொல்வதுபோல இருக்கிறது. இதை மாற்றியே ஆக வேண்டும். பிள்ளைகளோடு உட்கார வேண்டிய டீச்சரைப் பதிவேட்டிலும் கணக்கெடுப்பிலும் கட்டிப்போடுவதும் அரசு விட வேண்டிய பழக்கம்.

இதையெல்லாம் கேட்டால் பிள்ளைக்குப் பிரச்சினை வருமோ என்று தயங்குவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. இலவசமாகத் தருவதில் குறை சொல்லக்கூடாது என்று நினைக்காதீர்கள், அது நம் வரிப்பணம். உங்கள் மையத்தில் டீச்சர் இடம் காலியா, கழிப்பறைக் கதவு உடைந்து கிடக்கிறதா? நாலு பெற்றோர் சேர்ந்து எழுதி, அடுத்த கிராம சபையில் தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். அப்புறம், அந்தத் தீர்மானம் பதிவேட்டில் ஏறியதை நேரில் பார்த்துவிட்டே வீட்டுக்குப் போங்கள்.