இன்டர்செப்டர் 650-க்கு செகண்ட் ஹேண்ட் ஷாக்: பிரித்துக் கட்டி, நம் எடைக்கு செட் செய்வது

இன்டர்செப்டர் 650 ஓட்டுகிற யாரிடம் கேட்டாலும் முதல் குறையாகப் பின்பக்க ஷாக்கைத்தான் சொல்வார்கள். பின் சக்கரம் மேலும் கீழும் போக 88 மில்லிமீட்டர்தான் இடம், வண்டியோ 200 கிலோவுக்கு மேல், இதில் ஒரு வேகத்தடையைக் கவனிக்காமல் ஏறிவிட்டால் அடி நேராக முதுகுத்தண்டில் விழும். ஓலின்ஸ், ஒய்எஸ்எஸ் மாதிரி கம்பெனிகளின் புது ஜோடி விலையைப் பார்த்துவிட்டு செகண்ட் ஹேண்டில் தேடுகிறவர்கள் நிறையப் பேர். நானும் அப்படி ஒரு ஜோடி வாங்கினேன், பக்கத்தில் சின்ன டேங்க் ஒட்டிக்கொண்டிருக்கிற பிக்கிபேக் டைப். ஐயாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்று விற்றவர் சொன்னார். மாட்டிக்கொண்டு வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் போனால் ஒவ்வொரு வளைவிலும் பின்பக்கம் படகு மாதிரி அசைகிறது. பிரித்துப் பார்த்தபோது ஒன்றில், டேங்குக்குள் அழுத்தத்தில் அடைத்திருக்க வேண்டிய கேஸ் கொஞ்சம்கூட இல்லை.

அதனால் வாங்கும்போதே சீல், ஆயில், கேஸ் மூன்றையும் மாற்றுகிற செலவைச் சேர்த்து விலை பேசுங்கள். பெயர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் உள்ளே செத்த ஆயில் இருந்தால் கம்பெனி ஷாக்கே மேல்.

வாங்கும் இடத்தில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஷாஃப்ட். பம்ப் ஸ்டாப் ரப்பரை மேலே தள்ளிவிட்டு, பளபளக்கிற அந்தக் கம்பியின் மேல் நகத்தை மெதுவாக நீளவாக்கில் இழுங்கள். நகம் எங்கேயாவது தட்டினால் அங்கே குரோம் போய்விட்டது, புது சீல் போட்டாலும் அந்தப் புள்ளி அதைக் கிழித்துவிடும். ஹார்டு குரோம் போடுகிற பட்டறையில் கொடுத்துச் சரி செய்யலாம், ஆனால் போட்ட பிறகு பழைய அளவுக்கே கிரைண்ட் செய்து தர வேண்டும், அதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். அப்புறம் எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று கேளுங்கள். இரண்டு பக்க ஓட்டைகளுக்கும் இடையிலான நீளம் உங்கள் பழைய ஷாக்கோடு ஒத்துப்போக வேண்டும். ஐந்து மில்லிமீட்டர் கூடினாலே பின்பக்கம் உயர்ந்து ஸ்டியரிங் வேகமாகத் திரும்பும், சைடு ஸ்டாண்டில் வண்டி அதிகமாகச் சாயும்.

சரி, பிரிப்பதற்கு வருவோம். எல்லாவற்றுக்கும் முன்னால் ப்ரீலோட் வளையம் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைப்பது) எத்தனை மரை தெரிய நிற்கிறது, ரீபவுண்ட் குமிழை (அமுங்கிய ஷாக் திரும்ப நீளுகிற வேகத்தைக் கட்டுப்படுத்துவது) முழுக்க மூட எத்தனை கிளிக் ஆகிறது, இரண்டையும் இரண்டு ஷாக்குக்கும் தனித்தனியாக எழுதி வையுங்கள். பிறகு ப்ரீலோடை முழுக்கத் தளர்த்தி ஸ்பிரிங்கைக் கழற்றுங்கள். மரை போட்ட வளையம் இருந்தால் கையாலேயே தளர்ந்து வரும். படி படியாகத் திருப்புகிற வகை என்றால் ஸ்பிரிங் கம்ப்ரெஸர் இல்லாமல் கை வைக்காதீர்கள், அது விரலை உடைக்கிற விசை.

ஸ்பிரிங் இல்லாமல் ஷாஃப்டைக் கையால் அழுத்திப் பார்த்தால் நோய் ஓரளவு தெரிந்துவிடும். நல்ல ஷாக்கில் உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒரே சீராக இருக்கும், விட்டால் கேஸ் தானாக ஷாஃப்டை மெதுவாக வெளியே தள்ளும். நடுவில் ஒரு இடத்தில் சட்டென்று வழுக்கிவிட்டு மறுபடி பிடித்தால் ஆயிலில் காற்று கலந்திருக்கிறது. விட்ட இடத்திலேயே நின்றால் கேஸ் இல்லை.

இப்போது கேஸை வெளியேற்ற வேண்டும். டேங்க் முனையில் உள்ள மூடியைக் கழற்றினால் டயர் வால்வு மாதிரி ஒரு வால்வு இருக்கும். சில ஷாக்குகளில் அதற்குப் பதில் ஊசி குத்துகிற ரப்பர் இருக்கும், அதற்குத் தனி ஊசி வேண்டும், அதை வெளியே கொடுத்துச் செய்வதே நல்லது. வால்வு பக்கத்தை முகத்துக்கு எதிர்த்திசையில் திருப்பி, மேலே ஒரு துணியைப் போட்டு, நடு ஊசியை அழுத்துங்கள். வருவது வெறும் காற்று என்றால் நல்லது. கூடவே ஆயிலும் தெறித்தால், டேங்குக்குள் கேஸையும் ஆயிலையும் பிரிக்கிற பிஸ்டனின் ஓ-ரிங்கோ, பை வகை என்றால் அந்த ரப்பர் பையோ போய்விட்டது. கேஸ் போனதும் ஷாஃப்டை முழுக்க உள்ளே தள்ளுங்கள், அது அங்கேயே நிற்க வேண்டும். திரும்பி வெளியே வந்தால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது, அந்த நிலையில் எந்த சர்க்லிப்பையும், அதாவது மூடிகளைப் பள்ளத்தில் பிடித்து வைக்கிற வளையக் கிளிப்பையும், தொடக் கூடாது.

ஷாஃப்டை மறுபடி முழுக்க வெளியே இழுத்துவிட்டு, டேங்க் மூடியைக் கழற்றி, உள்ளே அந்தப் பிஸ்டன் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள். இந்த அளவை விட்டுவிட்டால் திரும்பக் கட்டும்போது முழிக்க வேண்டும். ஷாஃப்ட் உள்ளே போகும்போது தன் பருமன் அளவுக்கு ஆயிலைத் தள்ளுகிறது, 12 மில்லிமீட்டர் ஷாஃப்ட் 70 மில்லிமீட்டர் உள்ளே போனால் கிட்டத்தட்ட 8 சிசி. அந்த 8 சிசிக்கு இடம் கொடுப்பதுதான் இந்தப் பிஸ்டனின் வேலை. இரண்டு ஷாக்கிலும் ஒரே ஆழம் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் ஆழம் அதிகமாக இருந்தால் அது ஆயிலை இழந்திருக்கிறது, அப்போது மற்றதின் அளவையோ மேனுவல் அளவையோதான் நம்ப வேண்டும்.

அடுத்து சீல் ஹெட், ஷாஃப்ட் வெளியே வருகிற வாயை சீலோடு மூடுகிற பாகம். மேல் தகட்டை இரண்டு ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்து, ஹெட்டை மரச் சுத்தியலால் சுற்றிலும் தட்டி ஒரு செண்டிமீட்டர் கீழே இறக்கினால் சர்க்லிப் தெரியும். அதை எடுத்தபின் ஒரு வேலை இருக்கிறது, நான் முதல் தடவை செய்யாமல் விட்டது. சர்க்லிப் உட்கார்ந்திருந்த பள்ளத்தின் விளிம்பை விரலால் தடவுங்கள், பிளேடு மாதிரி ஒரு பிசிர் இருக்கும். 600 எமரியால் அதைத் தேய்த்து மழுக்கி, தூசியை முழுக்கத் துடைத்துவிட வேண்டும். எனக்கு அந்தப் பிசிர் புது ஓ-ரிங்கில் ஒரு சின்ன நாக்கு மாதிரி சீவி எடுத்துவிட்டது, இரண்டாவது நாளே பின் சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்ம் மேல் ஆயில். மொத்த வேலையையும் மறுபடி செய்தேன்.

ஷாஃப்டை இழுத்தால் ஒரு திணறலோடு வெளியே வரும். பழைய ஆயிலை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் பாருங்கள். என்னுடையது கறுப்பு, டம்ளரைச் சாய்த்தபோது உள்ளே வெள்ளி மினுமினுப்பு ஓடியது, அடியில் மை மாதிரி படிவு. அந்த மினுமினுப்பு, ஷாஃப்ட் நுனியில் இருக்கிற பிஸ்டனும் ஷாக்கின் உடம்பும் தேய்ந்த பொடி. அந்த ஷாஃப்ட் பிஸ்டனைச் சுற்றியிருக்கிற டெஃப்லான் பட்டை ஒரு பக்கம் மட்டும் மெலிந்திருந்தால் ஹெட்டுக்குள் இருக்கிற புஷ்ஷும் தேய்ந்திருக்கும், இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

ஷாஃப்ட் நுனியில் இருக்கிற நட்டைக் கழற்றினால் பிஸ்டனுக்கு இரண்டு பக்கமும் காகிதம் மாதிரி மெல்லிய வட்டத் தகடுகள் அடுக்கு அடுக்காக இருக்கும். இவைதான் ஷாக்கின் குணத்தையே தீர்மானிக்கின்றன. ஒரு தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும், 0.20 மில்லிமீட்டர் தகடு ஒன்று 0.10 தகடு எட்டுக்குச் சமம். ஒன்று இடம் மாறினாலும் வேறு ஷாக் ஆகிவிடும். எனவே வரிசை மாறாமல் அப்படியே ஒரு கம்பியில் கோத்து, போட்டோ எடுத்து, அதன்பின் கழுவுங்கள். முதல் தடவை செய்கிறவர் அடுக்கை மாற்றவே வேண்டாம். பல ஷாக்குகளில் நட்டின் முனை நசுக்கப்பட்டிருக்கும், அதை அரத்தால் தேய்த்தபின்தான் திருப்ப வேண்டும், திரும்பக் கட்டும்போது புது நட்டு, மரை தளராமல் பிடிக்கிற லாக்டைட் பசை, மேனுவல் சொல்கிற டார்க் (முறுக்கும் அளவு). சீல் ஹெட்டை ஷாஃப்டில் ஏற்றும்போது மரை சீலைக் கிழிக்காமல் இருக்க, மரை மேல் மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்டைச் சுற்றி எண்ணெய் தடவி ஏற்றுங்கள்.

ஆயில் விஷயத்தில் டப்பா மேல் போட்டிருக்கிற 2.5, 5 என்ற எண்ணை நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் 5 இன்னொன்றின் 7.5 அளவுக்குத் தடிப்பாக இருக்கும். 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக்ஸ் (ஆயிலின் தடிப்பை அளக்கிற அலகு) என்று டேட்டா ஷீட்டில் போட்டிருக்கும், அதை ஒப்பிட்டு வாங்குங்கள். ஃபோர்க் ஆயில் மிச்சமிருக்கிறதே என்று ஊற்றுகிறவர்கள் உண்டு, வேண்டாம். ஷாக்கில் சூடு அதிகம், ஆயிலோ கொஞ்சம்.

காற்றை எடுப்பதில்தான் பொறுமை வேண்டும். உடம்பை வைஸில் நிமிர்த்திப் பிடித்து, ஆயிலை ஊற்றி, டேங்க் பிஸ்டனை மேலும் கீழும் சில தடவை நகர்த்தி, பிளாஸ்டிக் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டுங்கள். குமிழி ஒவ்வொன்றாக மேலே வரும். ஷாஃப்டை இறக்கியபின் மெதுவாக, மிக மெதுவாக அசைக்க வேண்டும், வேகமாக இழுத்தால் ஆயில் நுரைத்துவிடும். நான் அரை மணி நேரம் மூடிவைத்துவிட்டு வந்து பார்த்தேன், குமிழி நின்றுவிட்டது என்று நினைத்த பிறகும் ஐந்தாறு வந்தது. ஆயில் விளிம்பு வரை நிறைந்து நிற்கும்போது சீல் ஹெட்டை இறக்கி, சர்க்லிப் போட்டு, அது பள்ளத்தில் முழுக்க உட்கார்ந்ததா என்று சுற்றிலும் பார்த்து, டேங்க் பிஸ்டனைக் குறித்து வைத்த ஆழத்துக்கே கொண்டுவாருங்கள்.

கேஸ் நைட்ரஜன்தான். அழுத்தம் மேனுவலில் இருக்கும், பல ஷாக்குகளில் 10 பார் பக்கம், அதாவது 145 பிஎஸ்ஐ. டயர் கடை மெஷின் இதற்கு ஆகாது. ஏசி மெக்கானிக்குகள் பைப் லீக் பார்க்க நைட்ரஜன் சிலிண்டரும் ரெகுலேட்டரும் வைத்திருப்பார்கள், அவர்களில் ஒருவரைப் பிடியுங்கள். அவர்களுடைய ஹோஸ் முனை பெரிய மரை, ஷாக்கில் இருப்பது டயர் வால்வு மரை, நடுவில் ஒரு அடாப்டர் வேண்டும். வெல்டிங் கடையில் ஆக்சிஜன் சிலிண்டரைக் காட்டி இதுவும் கேஸ்தானே என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். அழுத்தத்தில் ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும். இன்னொன்று, நிரப்பியபின் சரிபார்க்கிறேன் என்று டயர் கேஜை வைக்காதீர்கள். டேங்கில் இருக்கிற கேஸ் அவ்வளவு கொஞ்சம், கேஜுக்குள் போகிற அளவே அழுத்தத்தை நன்றாகக் குறைத்துவிடும்.

மாட்டியாகிவிட்டது, இனி செட்டிங். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின் சக்கரம் தரையில் படாமல் தொங்க, அச்சின் நடுவிலிருந்து நேர் மேலே சீட் ஓரத்தில் ஒட்டிய டேப் குறி வரை அளந்தால் எனக்கு 520 மில்லிமீட்டர். ஸ்டாண்டிலிருந்து இறக்கி நிமிர்த்திப் பிடித்தால் 512. ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் போட்டு நான் உட்கார, நண்பர் அளந்தது 496. அதாவது வண்டி தன் எடைக்கு 8, என்னோடு சேர்த்து 24 மில்லிமீட்டர் அமுங்குகிறது. 88-இல் 24 என்றால் 27 சதவீதம், 25-லிருந்து 30-க்குள் இருந்தால் நல்லது. ஒவ்வொரு அளவையும் வண்டியை ஒருமுறை அழுத்தி விட்டும், ஒருமுறை தூக்கி விட்டும் எடுத்து நடுவை வைத்துக்கொள்ளுங்கள், உராய்வினால் இரண்டும் ஒன்றாக வராது.

ப்ரீலோடை ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. ஒரு மில்லிமீட்டர் அமுக்க இன்றைக்கு என்ன விசை வேண்டுமோ அதுதான் நாளைக்கும், ப்ரீலோட் வண்டி நிற்கிற உயரத்தை மட்டும்தான் மாற்றும். 24 வருவதற்காக ஏற்றிக்கொண்டே போய், ஆள் இல்லாமல் நின்றால் வண்டி துளிகூட அமுங்கவில்லை என்றால் உங்கள் எடைக்கு அந்த ஸ்பிரிங் மெல்லியது. வளையத்தை முழுக்கத் தளர்த்தியும் நீங்கள் உட்கார்ந்தால் 15-தான் அமுங்குகிறது என்றால் தடிப்பானது. ஸ்பிரிங்கை மாற்றுங்கள், வேறு வழி இல்லை. பின்னால் ஒரே ஷாக் இருக்கிற மோனோஷாக் வண்டிக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம், சக்கரம் நகர்வதற்கும் ஷாக் நகர்வதற்கும் உள்ள விகிதத்தின் வர்க்கத்தால் ஸ்பிரிங்கை வகுக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் அமுக்க 100 நியூட்டன் கேட்கிற ஸ்பிரிங் 2 விகிதத்தில் சக்கரத்துக்கு 25, அதுவே 2.5-இல் 16. வேறு வண்டி ஷாக் நீளம் சரியாக இருந்தும் பொருந்தாமல் போவது இதனால்தான்.

ரீபவுண்டை முழுக்க மூடி, அங்கிருந்து எண்ணித் திறங்கள், இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை. சீட்டை அழுத்தி விட்டால் பின்பக்கம் ஒரே மூச்சில் மேலே வந்து நிற்க வேண்டும், தாண்டிப் போய்த் திரும்பி வந்தால் இரண்டு கிளிக் மூடுங்கள், சோம்பலாக ஏறினால் திறங்கள். அதன்பின் தெரிந்த சாலையில் இருபது நிமிடம் ஓட்டி ஷாக் சூடான பிறகுதான் தீர்மானம். அடுத்தடுத்து வருகிற மேடுகளில் வண்டி படிப்படியாகத் தாழ்ந்துகொண்டே போய்க் கடினமானால் ரீபவுண்ட் அதிகம், மேடு தாண்டியதும் சீட் உங்களை எகிற வைத்தால் குறைவு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, சீட்டுக்கு அடியில் ஒட்டின தாளில் எழுதுங்கள்.

500 கிலோமீட்டர் கழித்து ஷாஃப்டை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். லேசான ஈரக்கோடு இருந்தால் பயமில்லை, சீலுக்கு அந்தளவு ஆயில் வேண்டும். துணியில் வட்டமாக ஊறிப் பரவினால் அந்த சர்க்லிப் பள்ளத்தைத்தான் முதலில் போய்ப் பார்ப்பேன்.