தப்பாக வாசிக்கப் பழகுவது எப்படி?

பாட்டோ வாத்தியமோ, பல வருஷம் கற்றவர்களுக்கு ஒரு வியாதி வருவதுண்டு. முழுப் பாட்டும் ஓடி முடிந்திருக்கும், காதில் நிற்பது சுருதி லேசாக விலகிய அந்த ஒரு இடம் மட்டும்தான். எனக்கு அது முற்றிப்போய், வயலினைப் பெட்டியிலிருந்து எடுக்கவே பயந்து எட்டு மாதம் கிடந்தேன். சொதப்பிய நிகழ்ச்சிக்குப் பிறகு என்றால்கூட நியாயம், நன்றாகப் போன நிகழ்ச்சிக்குப் பிறகு! எல்லோரும் பாராட்ட, நான் மூன்றாவது நிமிடத்தில் நழுவிய விரலையே நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து யாரோடும் பேசாமல் படுத்துக்கொண்டேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால், எனக்கு உதவியவற்றைச் சொல்கிறேன்.

முதலில், சாதகத்தில் (தினசரிப் பயிற்சியில்) 'சரியாக வரும்வரை' என்பதைத் தூக்கிப் போடுங்கள். 25 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள், அடித்ததும் பாதி வரியில் இருந்தாலும் நிறுத்துங்கள். முதல் வாரம் கை பரபரக்கும். பரவாயில்லை, களைத்த கையோடு நாற்பதாவது தடவை வாசித்தால் பிழைதான் நன்றாகப் பதியும்.

அப்புறம், தினமும் பத்து நிமிடம் யாரும் மார்க் போடாத நேரம், நீங்களும்தான் போடக்கூடாது. இதைச் சாதகத்துக்கு முன்னால் வையுங்கள். பின்னால் வைத்தால் ஒழுங்காக வாசித்தவனுக்குக் கிடைக்கும் மிட்டாய் மாதிரி ஆகிவிடும், சரியாக வராத நாளில் 'இன்று எனக்குக் கிடையாது' என்று மனசு கறாராகச் சொல்லிவிடும் (சொன்னது, எனக்கு). நிறுத்தக்கூடாது, தப்பு வந்தால் திரும்பிப் போகக்கூடாது, ஒலிப்பதிவு கூடவே கூடாது. தெரிந்த பாட்டும் வேண்டாம், அதில் 'சரி' என்று ஒன்று ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. ஒரே ஸ்வரத்தை நீளமாக இழுங்கள், அல்லது வாயை மூடி முனகுங்கள். மூச்சை மெதுவாக வெளியே விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும், நெஞ்சுப் படபடப்போடு உட்காருகிறவர்களுக்கு அதுவே பாதி வேலை. சுத்தமாகத் தெரியாத வாத்தியம் கிடைத்தால் இன்னும் நல்லது. நான் புல்லாங்குழல் எடுத்தேன். நான்கு நாள் வெறும் காற்றுதான் வந்தது, எனக்கு ஒரு துளி வெட்கம் வரவில்லை!

இசைத்தட்டோடு உங்களை ஒப்பிடுகிறீர்களா? பியானோ மேதை விளாடிமிர் ஹோரோவிட்ஸ் 1953-லிருந்து 12 ஆண்டுகள் மேடைப் பக்கமே வராமல் இருந்து, 1965-ல் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் திரும்பி வந்தபோது, தொடக்கத்திலேயே தவறான ஸ்வரங்கள் விழுந்தன. இசைத்தட்டாக வெளியிட்டபோது சில இடங்களைத் திருத்திவிட்டார்கள். திருத்தாத பதிவு 2003-ல்தான் வெளியானது. இடைப்பட்ட காலத்தில் அந்தத் தட்டைக் கேட்டுவிட்டு 'நமக்கு இப்படி வராது' என்று எத்தனை பேர் பியானோவை மூடினார்களோ! உங்கள் பதிவையும் ஒரு வாரம் கழித்தே கேளுங்கள், அன்றிரவே கேட்டால் இசையைக் கேட்க மாட்டீர்கள், புண்ணைத்தான் நோண்டுவீர்கள்.

பழைய தோல்வியைச் சரிசெய்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவேன் என்று அடம்பிடிக்காதீர்கள். ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மனினாஃபின் முதல் சிம்பொனி 1897 அரங்கேற்றத்தில் படுதோல்வி அடைந்தது. அப்புறம் சுமார் மூன்று ஆண்டுகள் பெரிதாக எதையும் அவரால் எழுத முடியவில்லை. 1900-ல் நிகொலாய் டால் என்ற மருத்துவரிடம் சிகிச்சைக்குப் போனார், பிறகு எழுதி முடித்த இரண்டாவது பியானோ கான்செர்டோவை (பியானோவும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) அந்த மருத்துவருக்கே சமர்ப்பித்தார். அந்த சிம்பொனியோ அவர் உயிரோடிருந்தவரை மறுபடி அரங்கேறவே இல்லை. அதை அப்படியே விட்டுவிட்டுத்தான் மேலே போனார்.

மேதைக்கே மருத்துவர் தேவைப்பட்டார் என்பதையும் கவனியுங்கள். தூக்கம் போய்விட்டது, சாப்பிடப் பிடிக்கவில்லை, வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் இந்தப் பத்து நிமிட வைத்தியமெல்லாம் போதாது, உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள். விரலில் வலி, மரத்துப்போதல் இருந்தால் வாசிப்பதை அன்றே நிறுத்துங்கள்.

கடைசியாக, கூட்டத்தோடு பாடுங்கள். பத்துப் பேர் குரலுக்கு நடுவே உங்கள் அபஸ்வரத்தைத் தேடிப் பாருங்கள். எனக்கு முதல் நாள் கிடைத்தது, மூன்றாவது வாரம் தேடவே மறந்துபோனேன். வயலின் பெட்டியைத் திறந்தது அதற்கு அடுத்த வாரம்தான்.