படத்தில் கயிறு வரையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபோட்டோஷாப்பில் கயிறு வரைபவர்கள் பெரும்பாலும் ஃபில்டரிலிருந்து தொடங்குகிறார்கள். பழுப்பு நிறத்தில் ஒரு பட்டை, மேலே கொஞ்சம் நாய்ஸ் (பொடிப் புள்ளிகள்), குறுக்கே சாய்ந்த கோடுகள். கிடைப்பது கோடு போட்ட குழாய்தான். நிஜக் கயிறு ஒன்றைக் கையில் எடுத்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

நான் அதிகம் பார்க்கும் தவறு, நார்களைப் புரியின் (சேர்த்து முறுக்கிய இழைக் கற்றையின்) சாய்விலேயே இழுத்துவிடுவது. சாதாரண மூன்று புரிக் கயிற்றில் புரிகள் ஒரு பக்கம் முறுக்கியிருந்தால், புரிக்குள் இருக்கும் இழைகள் எதிர்ப்பக்கம் முறுக்கியிருக்கும். இரண்டும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிப்பதால்தான் கயிறு பிரிவதில்லை. அதனால் புரி சாய்ந்து போனாலும் மேலே தெரியும் இழைகள் ஏறக்குறைய கயிற்றின் நீளவாக்கில்தான் ஓடும். நாய்ஸ் புள்ளிகளை இழைகளாக இழுக்கும் மோஷன் பிளர் ஃபில்டரின் கோணத்தையும் அப்படியே நீளவாக்கில் வையுங்கள். நாய்ஸ் போடும்போது மோனோகுரோமேட்டிக்கைத் தேர்ந்தெடுக்க மறந்தால் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் வந்துவிடும்.

விளிம்பை ஸ்கேல் வைத்ததுபோல் நேராக விடாதீர்கள். ஒவ்வொரு புரியும் வெளியே புடைத்து உள்ளே நுழைவதால் ஓரம் மெல்லிய அலையாக இருக்கும். ஒரு புரியை நீட்டிய எஸ் வடிவில் வரைந்து அடுக்கினாலே அந்த அலை வந்துவிடும்.

அந்தப் புரியை பிரஷ்ஷாக்கி, பிரஷ் அமைப்புகளில் உள்ள ஷேப் டைனமிக்ஸில் ஆங்கிளை டைரக்‌ஷன் என்று வைத்து, கயிறு போகும் வழியாக வரைந்த கோட்டின்மேல், அதாவது பாத்தின்மேல், ஓட்டுவது நல்ல வழி. ஆனால் புரியிலேயே ஹைலைட்டை வரைந்துவிட்டால், வளைவில் பிரஷ் திரும்பும்போது வெளிச்சமும் கூடவே திரும்பும். சுருட்டிய கயிற்றின் ஒரு பக்கத்தில் வெளிச்சம் மேலிருந்தும் மறுபக்கத்தில் கீழிருந்தும் விழும்! ஃபோட்டோஷாப் பிரஷ் நிறத்தை வைத்துக்கொள்ளாது: கருப்பு அழுத்தமாகப் பதியும், சாம்பல் பாதி தெரியும், வெள்ளை பதியவே பதியாது. எனவே புரியின் நடுவைக் கருப்பாகவும் ஓரங்களைச் சாம்பலாகவும் வரையுங்கள். புரிகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி விட்டு ஓட்டுங்கள். அப்புறம் முழு லேயருக்கும் புடைப்புத் தோற்றம் தரும் பெவல் அண்ட் எம்பாஸ் கொடுத்தால் ஒவ்வொரு புரியும் தனியாகப் புடைக்கும், வெளிச்சமும் ஒரே பக்கத்திலிருந்து விழும். அடி லேயரில் அதே பாத்தைச் சற்று மெல்லிய கரும்பழுப்பு பிரஷ்ஷால் வரைந்தால், அது இடுக்குகளில் எட்டிப்பார்த்து நிழலாக நிற்கும்.

பாத்தில் கூர்மையான மூலை வேண்டாம். வெளிப்பக்கம் புரிகள் பிளந்து, உள்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும்.

கடைசியாகப் பிசிறு. விளிம்பைத் தாண்டி நீளும் சில இழைகளைத் தனி லேயரில், 1 அல்லது 2 பிக்சல் பிரஷ்ஷால், கையாலேயே இழுங்கள். சில இடங்களில் நெருக்கமாக, சில இடங்களில் ஒன்றுமே இல்லாமல்.