கடற்கரையில் டென்ட் போடும் குடும்பங்கள் செய்யும் தவறுகள்

கடலூர் தேவனாம்பட்டினத்துக்குத் தெற்கே சாமியார்பேட்டை, பரங்கிப்பேட்டை. வடக்கே நரம்பை, நல்லவாடு, சின்ன வீராம்பட்டினம். இந்தக் கரையில் யானையோ புலியோ இல்லை. அதனால் 'இங்கே என்ன மிருகம் இருக்கப்போகிறது' என்றுதான் பலரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டென்டும் கையுமாக வருகிறார்கள். ஆமை, குள்ளநரி, கட்டுவிரியன், கடல் பாம்பு, சொறி எனப்படும் ஜெல்லி மீன், திருக்கை, கூட்டமாகத் திரியும் தெருநாய் எல்லாமே இங்கே உண்டு. இவற்றில் எதுவும் ஆளைத் தேடி வருவதில்லை. அவை நடமாடும் நேரத்தில், நடமாடும் வழியில், சோற்று வாசனையோடும் வெளிச்சத்தோடும் நாம் போய்ப் படுத்துக்கொள்கிறோம். வில்லங்கம் அங்கேதான் தொடங்குகிறது.

முதல் தவறு, யாரையும் கேட்காமல் தங்குவது. கரையோரக் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்தாரின் சொல்தான் செல்லும். அவர்களிடமும் உள்ளூர்க் காவல் நிலையத்திலும் பகலிலேயே கேட்டுவிடுங்கள். மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. விடியலுக்கு வெகு முன்பே படகுகள் கடலில் இறங்கும். சில ஊர்களில் படகை இழுக்க டிராக்டர் மணலில் ஓடும். இருட்டில் டிராக்டர் ஓட்டுபவர் கண்ணுக்குச் சாம்பல் நிற டென்ட் தெரியாது. எந்தப் பக்கம் படகு இறங்காது, எந்தத் தோப்பில் பாம்பு நடமாட்டம் அதிகம் என்பதெல்லாம் ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும்.

ஆமைக் காலத்தில் திறந்த மணலில் தங்குவது

இதில்தான் பெரிய சிக்கல். மழையும் புயலும் ஓய்ந்து, வெயில் ஏறுவதற்கு முன்னால் உள்ள ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களே டென்ட் போட இதமானவை. கரையில் பங்குனி ஆமை என்று சொல்லப்படும் ஆலிவ் ரிட்லி முட்டையிட ஏறுவதும் அதே மாதங்களில்தான். ஒரு குழியில் ஏறத்தாழ 100 முட்டை இருக்கும். 45 முதல் 60 நாளில் குஞ்சு வெளிவரும். ஆக, மே மாதம் வரை குஞ்சுகள் கடலுக்கு இறங்கிக்கொண்டிருக்கலாம்.

ஆமை குழி தோண்டுவது அலை எட்டாத காய்ந்த மணலில். டென்ட் போடவும் எல்லோரும் தேடுவது அதே இடத்தைத்தான். கரையேறும் ஆமை ஆளையோ வெளிச்சத்தையோ கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். ஜனவரி முதல் மே வரை திறந்த கரையில் தங்காதீர்கள். பின்னால் தள்ளி, அனுமதி உள்ள தோப்பிலோ தங்கும் விடுதியின் வளாகத்திலோ டென்ட் போடுங்கள் என்பதே எங்கள் கருத்து. 'ஒரு ராத்திரிதானே' என்று கேட்பவர்கள் உண்டு. ஆமைக்கும் அது ஒரு ராத்திரி வேலைதான்.

வெளிச்சத்தால் வரும் கெடுதி இன்னும் மோசம். குஞ்சுகள் மணலை விட்டு வந்ததும் எந்தப் பக்கம் வெளிச்சமாகத் தெரிகிறதோ அந்தப் பக்கம் ஊரும். இருட்டுக் கரையில் வானத்தை ஏந்தி மினுங்கும் கடல்தான் வெளிச்சமான பக்கம். டென்ட் வாசலில் ஒரு எல்இடி விளக்கைத் தொங்கவிட்டால் அவை திரும்பி நிலப்பக்கம் ஊர்ந்து, நாயிடமோ நண்டிடமோ மாட்டும், இல்லையென்றால் காலை வெயிலில் காய்ந்து சாகும். தலையில் மாட்டும் டார்ச்சில் சிவப்பு விளக்கு இருந்தால் அதை மட்டும் போடுங்கள். இல்லையென்றால் சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மடிப்பாக வைத்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினால் போதும். கைப்பேசி ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

பிள்ளைகள் பகலில் மணல் வீடு கட்டத் தோண்டிய முழங்கால் ஆழக் குழியை யாரும் கவனிப்பதில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் குஞ்சு அதில் விழுந்தால், சரியும் மணலில் ஏற முடியாமல் விடியும்வரை அங்கேயே சுற்றும். இருட்டுவதற்குள் எல்லாக் குழியையும் மூடி மட்டம் செய்துவிடுங்கள்.

குஞ்சுகளைப் பார்த்துவிட்டால் ஆசையில் கையிலெடுத்துத் தண்ணீரில் விடக் கூடாது. விளக்கை அணைத்துவிட்டு, நாயை மட்டும் தூர விரட்டி, அவற்றை அவற்றின் போக்கில் விடுங்கள். தாய் ஆமை ஏறுவதைக் கண்டால் பின்பக்கமாக, தூரத்தில், உட்கார்ந்தபடி பாருங்கள், முன்னால் போகாதீர்கள். முட்டைக் குழி தெரிந்தால் தோண்டாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கடலாமை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. முட்டையை எடுத்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

இடம் தேர்வதில் வரும் பிழைகள்

மாலை 4 மணிக்கு முன்பே போய்ச் சேருங்கள். இருட்டிய பிறகு வருபவர்களே கவிழ்த்துப் போட்ட படகின் ஓரத்திலும், வலைக் குவியலுக்குப் பக்கத்திலும், தாழம்புதரின் மறைவிலும் டென்டை விரிக்கிறார்கள். காற்றுக்கு அடக்கமாக இருக்கும் என்ற கணக்கு. எலியும் அப்படித்தான் அங்கே தங்குகிறது. எலியைத் தேடிப் பாம்பு வருகிறது. புதர், வலை, படகு, கருவாடு காயப்போடும் இடம் எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது 25 அடி தள்ளி இருங்கள். சவுக்குத் தோப்பென்றால் உதிர்ந்த சருகைக் கம்பால் தள்ளித் தரை தெரிந்த பிறகே டென்டை விரிக்க வேண்டும்.

கடல் பக்கம், பாசியும் சங்கும் குப்பையும் ஒதுங்கிய கோட்டைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் அதற்கும் மேலே ஏறலாம். சுண்ணாம்பாறு, கெடிலம், வெள்ளாறு முகத்துவார மணல்திட்டுகள் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஆற்றில் நீர் கூடினாலும் கடல் ஏறினாலும் கரைவது அவைதான். ராத்திரியில் படகும் கிடைக்காது.

டென்டோடு வரும் கம்பி ஆணி மணலில் நிற்காது. ஒரு மஞ்சப்பையில் மணலை நிரப்பி, வாயைக் கயிற்றால் கட்டி, ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து, அந்தக் கயிற்றில் டென்டைக் கட்டுங்கள். நாலு மூலைக்கு நாலு பை. வழக்கமான கடற்காற்றுக்கு அசையாது.

தரையில் படுப்பது, ஜிப்பைத் திறந்து வைப்பது

புழுக்கம் தாங்காமல் வெளியே பாய் விரித்துப் படுப்பதுதான் இந்தப் பட்டியலிலேயே ஆபத்தான தவறு. கட்டுவிரியன் இரவில் திரியும் பாம்பு. அது கடிப்பது பெரும்பாலும் தரையில் தூங்குபவர்களை. கடி வலிக்காது, பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் பிள்ளை வயிற்றுவலி என்று எழுந்து, இமை தானாகச் சரிந்து, பேச்சுக் குழறினால் அஜீரணம் என்று ஓம வாட்டர் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

அடித் துணி தைத்து இணைத்த டென்டாக வாங்குங்கள். கொசுவலை ஜிப் எப்போதும் மூடியே இருக்கட்டும். செருப்பு, ஷூவை உள்ளே வையுங்கள். காலையில் உதறிப் போடுங்கள். ராத்திரி ஒன்றுக்குப் போக பிள்ளைகளைத் தனியே அனுப்பக் கூடாது. டார்ச்சும் கம்பும் எடுத்துக்கொண்டு, தரையைத் தட்டியபடி வெட்டவெளிப் பக்கம் போங்கள்.

பாம்பு கடித்துவிட்டால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிறு கட்டாதீர்கள். கொலுசு, மோதிரம், அரைஞாண் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் கட்டையோடு சேர்த்துக் கட்டி, நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள். 108-ஐ அழைத்து, கடலூர் பக்கமென்றால் அரசு தலைமை மருத்துவமனை, புதுச்சேரி பக்கமென்றால் ஜிப்மர் என்று நேராகப் போங்கள். வழியில் சிறிய கிளினிக்குகளில் நின்று நேரத்தைக் கரைக்க வேண்டாம்.

சாப்பாட்டை டென்டுக்குள் வைப்பது

வறுத்த மீன், பிஸ்கட், வாழைப்பழம் எதுவும் டென்டுக்குள் கூடாது. துணிச் சுவர் நாய்க்கு ஒரு பொருட்டே இல்லை. மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வண்டிக்குள் வையுங்கள். வண்டி பக்கத்தில் இல்லையென்றால் டென்டிலிருந்து 50 அடி தள்ளி வைத்து, மேலே கனமாக ஏதாவது ஏற்றுங்கள். மீன் கழுவிய தண்ணீரையும் அவ்வளவு தள்ளியே ஊற்றுங்கள்.

பாவமாக இருக்கிறது என்று ஒரு நாய்க்கு எலும்பு போட்டால் பத்து நிமிடத்தில் ஐந்தாறு வந்து நிற்கும். அவை சண்டை போடும்போது நடுவில் நிற்பது உங்கள் பிள்ளையாக இருக்கும். நாயோ நரியோ கடித்தால், பிராண்டினால்கூட, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அன்றே முதல் ஊசி. தோலுக்குள் போடும் ஊசியென்றால் பிறகு 3, 7, 28-ஆம் நாட்களில். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால், காயத்திலும் அதன் ஓரத்திலும் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் வேண்டும் என்று கேட்டுப் பெறுங்கள்.

விடிந்ததும் கடலில்

வலை இழுக்கும் இடத்தில் பிள்ளைகள் கூடுவது இயல்பு. வலையில் வந்து மணலில் எறியப்பட்ட கடல் பாம்பு செத்ததுபோல் கிடக்கும். வால் துடுப்புபோலத் தட்டையாக இருக்கும். தொடவே கூடாது. அரசு மருத்துவமனையில் இருக்கும் பாம்புக்கடி மருந்து நிலத்துப் பாம்புகளின் விஷத்துக்கானது, இதற்குக் கேட்காது. கடித்தால் மூச்சையும் சிறுநீரகத்தையும் காப்பாற்றும் வசதி உள்ள பெரிய மருத்துவமனைதான் வழி.

சொறி பட்டால் மணலைப் போட்டுத் தேய்ப்பதும் குடிதண்ணீரில் கழுவுவதும் தவறு. தோலில் ஒட்டியிருக்கும், விஷத்தைச் செலுத்தும் நுண்கொட்டிகள் இன்னும் வெடிக்கும். கடல் நீரால் அலசி, இழைகளைக் குச்சியால் எடுத்துவிட்டு, 40 முதல் 45 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வையுங்கள். திருக்கை முள், கெளுத்தி முள் குத்தினாலும் அதே வெந்நீர்தான், ஆனால் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை. முள் ஆழமாக இறங்கியிருந்தால் பிடுங்காமல் மருத்துவரிடம் போங்கள். சூட்டைச் சோதிக்க வேண்டியது குத்துப்படாதவரின் கை. வலியில் இருப்பவருக்குத் தோல் வெந்தாலும் தெரியாது. முகத்துவாரத்தில் காலைத் தூக்கி வைக்காமல் மணலோடு தேய்த்து நடந்தால் திருக்கை தானாக விலகும்.

நெருப்பை மணலால் மூடுவது

அடுப்பு வேலை முடிந்ததும் கங்கின் மேல் மணலைத் தள்ளிவிட்டு வருவது எல்லோரும் செய்வது. மேலே ஒன்றும் தெரியாது. அடியில் கங்கு பல மணி நேரம் கனன்றுகொண்டிருக்கும். காலையில் வெறுங்காலோடு ஓடும் பிள்ளை அதில்தான் காலை வைக்கும். அரைக் குடம் தண்ணீர் ஊற்றிக் கம்பால் கிளறுங்கள். புகை நின்ற பிறகு மறுபடியும் ஊற்றி, புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு அறவே இல்லை என்று தெரிந்ததும் கரியை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு குழியை மூடுங்கள்.